ஐந்து கழுத்தில் ஓர் அட்டிகை

1

நீல அட்டை கைக்கு வந்துவிட்டது. இனி நடந்ததை எழுதலாம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சட்டென்று புரியாது. இந்த நாட்டில் அடையாள அட்டையின் நிறத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குடிமக்களுக்கு நீலம். வெளியிலிருந்து வந்து தங்கிவிட்டவர்களுக்குச் சிவப்பு. துறையூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி, கேமரன் மலையின் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து எனக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் சிவப்போடுதான் இருந்தேன். என் கணவர் இங்கேயே பிறந்தவர், தோட்டத்து ஆபீஸில் கிராணி, ஊரில் குமாஸ்தா என்போமே அது. அவருக்கும் எங்கள் மகள் மாலதிக்கும் நீலம். ஒரே வீட்டில் இரண்டு நிறம்.

மூன்று முறை விண்ணப்பித்தேன். முதல் முறை கணவர் பெயர் இரண்டு தாளில் இரண்டு விதமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை அனுப்பிய தாளையே காணவில்லை. மூன்றாம் முறை நேர்காணல் வரை போனேன். காலையில் என்ன செய்வாய் என்று அதிகாரி மலாயில் கேட்டார். கணவருக்குச் சமைப்பேன் என்று சொல்ல நினைத்து, கணவரைச் சமைப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று ஆறு வருடம் யோசித்திருக்கிறேன்.

அட்டை வந்த அன்று அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"கள்ள நோட்டா என்னா, இப்படிப் பார்க்கிற?" என்றார் கணவர்.

ஆபீஸ் போனிலிருந்து கோலாலம்பூரில் இருக்கும் மாலதிக்குச் சொன்னேன். "நிஜமாவா? கையில வந்துடுச்சா? கையில?" என்று மூன்று தடவை கேட்டாள். சந்தோஷப்பட்டது போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு மகள் அம்மாவிடம் கேட்கும் கேள்வியா அது? ஆபீஸர் கேட்கிற மாதிரி இருந்தது.

ஒரு வாரத்தில் பதிவுத் தபாலில் பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு வீடியோ கேசட். கூடவே குடியுரிமை விண்ணப்பப் பாரம் ஒன்று, ஒரு எழுத்தும் எழுதாமல். கடிதம் இல்லை. எனக்குத்தான் அட்டை வந்துவிட்டதே, மறுபடி எதற்குப் பாரம்? ஏதோ சிக்கல், போனில் சொல்ல முடியாமல் அனுப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். கேசட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. ஏனென்றால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

2

நான் சந்தேகப் பிராணி என்று எங்கள் வீட்டில் பெயர். பிறவியிலேயே அப்படி என்று கணவர் சொல்வார். அது உண்மையில்லை. அதைத் தொடங்கிவைத்ததே அவருடைய போட்டோதான்.

பெண் கேட்டு மலாயாவிலிருந்து வந்த கவரில் அவர் போட்டோ இருந்தது. கோட்டு, கைக்கடிகாரம், பக்கத்தில் மேஜை மேல் ஒரு பெரிய ரேடியோ. எங்கள் தெருவே அந்த ரேடியோவைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னது. இங்கே வந்து இறங்கிய மறுநாள் வீடு முழுக்கத் தேடினேன். அந்த ரேடியோ போட்டோ ஸ்டூடியோக்காரருடையது. கோட்டும் அவருடையது. கடிகாரம் சித்தப்பாவுடையது. நானும் ஒன்றும் குறைந்தவளில்லை. அவருக்குப் போன என் போட்டோவில் இருந்த நகையில் பாதி எங்கள் அத்தையுடையது. என் சொந்த நகை என்றால் அம்மா போட்ட அந்த ஒரு அட்டிகைதான்.

போட்டோ என்றால் அதுதானே நமக்கு? இருப்பதிலேயே நல்லதைப் போட்டுக்கொள்வது, இல்லாவிட்டால் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வது. அது பொய் என்று யாரும் நினைப்பதில்லை. இந்தத் தோட்டத்திலும் அப்படித்தான். லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தால் கொழுந்து பறிக்கிறவர்கள் வீடு என்றே தெரியாது.

சந்தேகம் முற்றியது எழுபதாம் வருட வாக்கில். சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சொன்னார்கள். கிடைக்காதவர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். எனக்குப் பழக்கமான ஒருத்தி, இங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவள், தன் ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்தாள். "நீ கிராணி பொண்டாட்டி, உனக்கு ஒண்ணும் ஆவாது, வச்சுக்க" என்றாள். அந்தக் கல்லில்தான் இன்றைக்கும் மாவாட்டுகிறேன். அதைச் சுற்றும்போதெல்லாம், ஒரு தாள் சரியில்லை என்றால் இந்தக் கல்லை நான் யார் வாசலில் கொண்டுபோய் வைப்பேன் என்று நினைப்பு வரும். அதனால் யாரிடமும் அதிகம் பேசாமல், எதிலும் கையெழுத்துப் போடாமல் காலம் தள்ளினேன்.

3

எண்பத்து நான்கில் மாலதி கோலாலம்பூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆவணப்படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அதோடு, குழுவாக வேலை செய்து என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒரு கட்டுரையும் எழுத வேண்டும்.

"தேயிலைத் தோட்டத்துல ஒரு நாள்னு எடுக்கப் போறோம். பெர்மிஷன் அப்பாதான் வாங்கித் தரணும்லா" என்றாள்.

கணவர் துரையிடம் கேட்டார். துரை என்றால் மேனேஜர்தான், வெள்ளைக்காரர் காலத்துப் பெயர் அப்படியே நிற்கிறது. துரை சரி என்றார். அதில் எனக்கு முதல் சந்தேகம். அவர் எதற்கும் ஒரே நாளில் சரி சொன்னதில்லை.

மூன்று பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கேமரா பிடிப்பவள் ஜைனப், கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பெண். சத்தம் பதிவு செய்பவன் லிம், சீனப் பையன், இதே மலைக்காரன். கோலா தெர்லாவில் அவன் மாமா காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். இரண்டு பெண்களும் எங்கள் வீட்டில் தங்க, அவன் மாமா வீட்டிலிருந்து தினமும் காலையில் காய்கறி லோரியில் வந்து இறங்குவான். மாலதிதான் இவர்களுக்குத் தலைவி.

ஜைனப் நம் வீட்டில் சாப்பிடுவாளோ மாட்டாளோ என்று பயந்து, புதுப் பாத்திரம் வாங்கி சைவமாகவே சமைத்தேன். அவள் ரசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்துவிட்டு "செடாப்லா, மக்சிக்" என்றாள். ருசியாக இருக்கிறதாம், என்னை அத்தை முறை வைத்துக் கூப்பிட்டாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான்காம் முறை ஊற்றினேன். அதையும் குடித்தாள்.

லிம்தான் எனக்கு ஒட்டவில்லை. குச்சியில் கட்டிய மைக்கைத் தூக்கிக்கொண்டு, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, எந்நேரமும் எதையோ கேட்டபடி இருப்பான். மூன்றாம் நாள் என்னிடம், "ஆன்ட்டி, இட்லி இன்னும் ரெண்டு கிடைக்குமா?" என்று தமிழில் கேட்டான். தட்டு கை நழுவிவிட்டது. கோலா தெர்லாவில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றுக்கொண்டானாம். அப்படியானால் இரண்டு நாளாக அடுப்படியில் நான் பேசியதெல்லாம் அவனுக்குப் புரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்தவன் எப்படிப்பட்டவன்?

மூவரும் உட்கார்ந்தால் மலாயில்தான் பேச்சு. மாலதி அதில் சிரிக்கிற சிரிப்பு தமிழில் சிரிப்பதைவிடப் பெரிதாக இருக்கும். நான் போய் நின்றால் நிறுத்திவிடுவாள். பிள்ளைகள் நம் கைவிட்டுப் போவது பட்டணம் போகும்போது தெரிவதில்லை. இப்படிக் கூடத்தில் உட்கார்ந்து நமக்குப் புரியாமல் சிரிக்கும்போதுதான் தெரிகிறது.

4

அந்த மூன்றாம் நாள் மத்தியானம் அவர்கள் பனிமூட்டத்தைப் படம் பிடிக்கப் போயிருந்தபோது மாலதியின் நோட்டைத் திறந்தேன். தப்புத்தான். எல்லாம் மலாயில் இருந்தது. நேர்காணலுக்காக வாங்கிய அகராதி என்னிடம் இருந்தது. குடிமகளாவதற்காகக் கற்ற பாஷையை முதலில் உபயோகித்தது மகளை வேவு பார்க்கத்தான்.

அது 'தோட்டத்தில் ஒரு நாள்' இல்லை. ஐம்பத்தைந்து வயதானதும் வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள், லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும், பிறகு எங்கே போவீர்கள் என்று கேள்வி. இங்கேயே பிறந்தும் ஏன் சிவப்பு அட்டை என்று கேள்வி. வீட்டுக் கூரை எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்று கேள்வி. யாரிடம் கேட்கப் போகிறார்கள் என்பதும் இருந்தது. அஞ்சலை.

அஞ்சலை கொழுந்து பறிப்பவள், அப்போது ஐம்பத்துநான்கு வயது. இந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவள். அவள் அம்மாவுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களே பிரசவம் பார்த்தார்கள், யாரும் பதியவில்லை, சூரத் பிறப்பு கிடையாது. பிறப்புப் பத்திரத்துக்கு இங்கே அப்படிப் பெயர். அது இல்லாததால் சிவப்பு அட்டை. முதல் நாளே மாலதியிடம் அவள் வாய் திறந்து கொட்டிவிட்டாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கிராணி ஆபீஸுக்கு எத்தனை தடவை நடந்தேன், ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம் வான்னுதான் சொல்றாரு என்றாள். அந்தக் கிராணி என் கணவர்.

அந்த நோட்டில் 'வார்கநெகாரா' என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. குடிமகன் என்று அர்த்தம். அதே சொல் என் விண்ணப்பத்திலும் இருந்தது, அது அப்போது ஏதோ ஒரு மேஜையில் கிடந்தது. கிராணியின் மகள் எடுத்த படத்தில் கிராணி மேல் குறை, அரசாங்கத்தின் மேல் குறை. துரை பார்ப்பார். அதிகாரி பார்ப்பார். கணவரைச் சமைப்பேன் என்று சொன்ன பொம்பளையின் மகளா இது என்று பக்கத்தைப் புரட்டுவார்.

மகளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். பயமாக இருக்கிறது, அம்மாவுக்காக இதை விட்டுவிடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நோட்டைத் திறந்தது தெரிந்துவிடும். அதனால் வேறு வழி பிடித்தேன்.

மறுநாள்தான் கடைசி நாள். அன்று காலை வேலைக்காட்டில் பெண்களைப் படம் பிடித்து அங்கேயே பேட்டி எடுக்க வேண்டும். அதற்கு அடுத்த நாள் கேமராவைக் கல்லூரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் பெண்கள் வேலை முடிந்து குழாயடிக்கு வரும் நேரம் பார்த்து லயத்துக்குப் போனேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

"நாளைக்குக் கேமரா வருது. படம் இந்தியாவுக்கெல்லாம் போவுதாம். ஊர்ல உள்ள சொந்தக்காரங்க பார்ப்பாங்க. நல்லா உடுத்திக்கிட்டு வாங்க."

இதில் இந்தியா மட்டும்தான் பொய். வேறு ஒன்றும் நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அஞ்சலை மட்டும், "எங்கிட்ட பட்டு இருக்கும்மா, மவ கல்யாணத்துக்கு எடுத்தது. கழுத்துக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றாள்.

வீட்டுக்கு ஓடினேன். பெட்டியைத் திறந்தேன். சொந்த நாத்தனாருக்கே இரவல் தராத அட்டிகையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். என் பயம் எவ்வளவு என்று இதிலிருந்து நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

5

காலை பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடத்துக்கு, பெண்கள் வந்ததைப் பார்க்க நானும் போனேன். பனியில் முதலில் நிறம்தான் தெரிந்தது. மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை. இடுப்பில் சாக்கு இல்லை, தலையில் துண்டு இல்லை, காலில் ரப்பர் பூட்ஸ் இல்லை. தலை நிறையப் பூ. பட்டுச் சேலை முதுகில் கூடை மட்டும் தொங்கியது. மண்டோர், வேலையை மேற்பார்க்கிறவர், எண்ணிக்கையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மாலதியின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, என்னாக்கா இது? டெய்லி வேலைக்கு வர்ற மாதிரி வாங்கக்கா. போய் மாத்திட்டு வாங்க, ப்ளீஸ்லா."

அஞ்சலைக்குக் கோபம் வந்துவிட்டது. "படம் புடிக்கிறப்ப சாக்கு கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? ஊர்ல பார்க்கிறவங்க என்னா நினைப்பாங்க? நாங்க என்னா பிச்சக்காரங்களா?"

இன்றைக்கு யோசித்தாலும் அஞ்சலை கேட்டதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய மானத்தைப் பயன்படுத்தித்தான் நான் என் காரியத்தைச் சாதித்தேன்.

அந்த நேரம் பார்த்துத் துரையின் லேண்ட்ரோவர் வந்தது. இறங்கினார், பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. கணவரின் தோளைத் தட்டி, "வெரி குட், கிராணி!" என்றார். கணவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தேயிலைச் செடியைப் பார்த்தேன்.

வேறு நாள் இல்லாததால் எடுத்தார்கள். பேட்டியில் மாலதி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். அஞ்சலை நிமிர்ந்து நின்று, அட்டிகையைச் சரிசெய்துகொண்டு, "எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க. தொர நல்லவரு, கிராணி நல்லவரு" என்றாள். முதல் நாள் கொட்டியதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அது போதும் என்று நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மற்றப் பெண்களும் அதையே சொன்னார்களாம்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூவருக்கும் சண்டை. வேகமான மலாய். "சியாப்பா பெரித்தாவு?" என்ற ஒன்று மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. யார் சொன்னது? ஜைனப் அழுதாள். லிம் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனான். மாலதி அடுப்படிக்கு வந்து தண்ணீர் குடித்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

இப்போது எழுதுவதுதான் நான் ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாதது. அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கென்னவோ அந்த லிம் பையன் மேலதான் சந்தேகம். தெனமும் லோரியில வர்றான் போறான். தமிழும் தெரியும். அவன் மாமா நம்ம தோட்டத்துக்குக் காய்கறி போடுறவரு. தொரைக்கு வேண்டியவங்க."

மாலதி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "சரிம்மா" என்றாள். ஜன்னலுக்கு வெளியே லிம் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வந்ததேயில்லை.

6

இரண்டு மாதம் கழித்துப் படத்தைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். துரையே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினார். சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் டி.வி. வைத்துப் போட்டார்கள். லயமே கூடியது. நான் அட்டிகையைப் பார்க்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எனக்குப் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. ஆனால் கொக்கி சற்று வளைந்திருந்தது, அது ஏன் என்று தெரிய வேண்டியிருந்தது.

படத்தில் தெரிந்தது. பேட்டி கொடுத்த ஐந்து பெண்கள் கழுத்திலும் அதே அட்டிகை. ஒருத்தி பேசி முடித்ததும் அடுத்தவளுக்குக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் சிரித்தது. "ஏய், கிராணியம்மா நகைடி" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் அஞ்சலை வந்தாள். முகம் மட்டும் பெரிதாக. ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, கேமரா போய்விட்டது என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு மூச்சு விட்டாள். ஜைனப் அதையும் பிடித்திருந்தாள். அந்த மூச்சு என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துவிட்டேன்.

மறுவருடம் அஞ்சலையை நிறுத்தினார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு லெம்பா பெர்த்தாமில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். மருமகன் காய்கறித் தோட்டத்தில் கூலி. படம் நன்றாக வந்திருந்தால் அவள் வீடு அவளிடமே இருந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மாணவர்கள் எடுத்த படத்தைப் பார்த்து யார் வீடு கொடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் அவள் சொல்ல நினைத்ததைச் சொல்லியாவது இருப்பாள். துரை அந்தப் படத்தை வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

மாலதி படிப்பு முடித்துக் கோலாலம்பூரிலேயே வேலைக்குப் போனாள். தீபாவளிக்கு வருவாள், நன்றாகத்தான் பேசுவாள். படத்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. லிம்மைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். "இருக்கான்மா" என்றாள். அவள் அவனைச் சந்தேகிக்கிறாள், அதற்குக் காரணம் நான் என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கும். அப்போதும் என் விண்ணப்பம் மேஜையில்தான் கிடந்தது. அட்டை வரட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

7

அந்தப் படத்தின் கேசட்தான் இப்போது அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. மூன்றாம் நாள் கணவரே எடுத்துப் போட்டார். நம் ஊர்ப் படங்கள் பார்ப்பதற்காகப் போன வருடம்தான் வீடியோ பெட்டி வாங்கியிருந்தோம்.

ஐந்து கழுத்து வந்தது, அஞ்சலை வந்தாள், மூச்சு விட்டாள். எழுந்துகொள்ளப் பார்த்தேன். "இப்பவும் ஓடுறியா? உட்காருலா" என்றார் கணவர்.

பனி, தேயிலைச் சரிவு, பிறகு படத்தில் வேலை செய்தவர்கள் பெயர். மணிலா அட்டையில் கையால் எழுதி ஒவ்வொன்றாகப் பிடித்திருந்தார்கள். மலாய்தான், இப்போது எனக்கு அகராதி வேண்டியதில்லை. கேமரா, ஜைனப். ஒலி, லிம். இயக்கம், மாலதி.

நான்காவதாக ஒரு அட்டை. உடை, மாலதியின் அம்மா.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருபது வீட்டில் ஏறிச் சொன்னதை ஒருத்திகூட வெளியே சொல்லமாட்டாள் என்று எப்படி நம்பினேன்? ஊரில் ஒருவரையும் நம்பாத நான், அந்த ஒரு விஷயத்தில் இருபது பேரை நம்பியிருக்கிறேன்!

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன் கணவரிடம்.

"அன்னிக்கு மண்டபத்துலயே பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"தலைவலின்னு படுத்துக்கிட்ட. கேட்டா இன்னும் வலிக்கும்னு விட்டுட்டேன்."

ஆபீஸுக்குப் போய் மாலதிக்குப் போன் போட்டேன். படம் பிடித்த அன்று மத்தியானமே, உடுத்திக்கொண்டு வரச் சொன்னது நான்தான் என்று அஞ்சலை அவளிடம் சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் நடந்த சண்டை யார் சொன்னது என்பதைப் பற்றி இல்லை. 'யார் சொன்னது என்று கட்டுரையில் எழுத வேண்டும், அப்போதுதான் மார்க் கிடைக்கும்' என்றாளாம் ஜைனப். எழுதினால் அது கல்லூரியிலிருந்து எங்கே போகுமோ, அம்மா பேப்பர் இன்னும் வரவில்லை என்றாளாம் மாலதி. எழுத வேண்டாம் என்று லிம் சொல்லியிருக்கிறான். மார்க் குறைவாகத்தான் வந்தது. தோட்டத்து விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னாராம். மூவரும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

"லிம்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும்டி. அன்னிக்கு அடுப்படியில நான் அவனப் பத்தி..."

"அவனுக்குக் கேட்டுச்சும்மா. ஜன்னலுக்கு வெளியிலதானே இருந்தான். அந்த உடை அட்டைய எழுதினதே அவன்தான். உங்க மேல கோபம் இல்ல, இட்லிக்குத்தான் ஏங்குறான்."

"இவ்ளோ வருஷம் ஏன் நீ கேட்கல?"

"நீல ஐ.சி. கையில வர்ற வரைக்கும் நீங்க உண்மை சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்." பிறகு பாரத்தைப் பற்றி அவளே சொன்னாள். "அந்தப் பாரம் அஞ்சலையக்காவுக்கு. சாட்சிக்கு ரெண்டு குடிமக்கள் கையெழுத்து வேணும், அவங்களப் பல வருஷமாத் தெரிஞ்சவங்க. அப்பா ஒண்ணு. நீங்க இன்னொண்ணு."

8

நேற்று லெம்பா பெர்த்தாம் போனோம். கோஸ் பாத்திகளுக்கு நடுவே பலகை வீடு. அஞ்சலை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. பாரத்தைப் பிரித்துக் காட்டி, போட்டோ வேண்டும், தானா ராத்தா டவுனுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பிறகு கைப்பையிலிருந்து அட்டிகையை எடுத்தேன். கேட்காமலேயே கொண்டுபோயிருந்தேன். திரும்பி வருமா என்று பஸ்ஸில் ஒரு கணம் தோன்றியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பழக்கம் சுலபத்தில் போவதில்லை.

அவள் அதைத் தொடவில்லை.

"வேணாம்மா. அன்னிக்குப் பட்டு கட்டுனது உங்க பேச்சக் கேட்டு இல்ல. நீங்க சொல்லாட்டியும் கேமரான்னா பட்டுத்தான். ஆனா கொறை இல்லன்னு சொன்னேன் பாருங்க, அது இதால. கிராணியம்மா நகையக் கழுத்துல போட்டுக்கிட்டு, கிராணி அலைய விட்டாருன்னு எப்படிச் சொல்றது? வாய் வரல."

என் கணவர் கோஸ் பாத்தியைப் பார்த்தார். நான் அட்டிகையைப் பைக்குள் போட்டேன். அவள் கழுத்தில் கருகமணி ஒன்றுதான் இருந்தது. அதோடுதான் போட்டோ எடுத்தோம். பாரத்தின் கடைசிப் பக்கத்தில், இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக, இன்னொருத்திக்காகக் கையெழுத்துப் போட்டேன். போடும் முன் மூன்று தடவை படித்தேன்.

பஸ் ஏற்றிவிட வந்தவள் கேட்டாள்.

"அந்தப் புள்ளைங்க மூணு பேரும் மறுபடி படம் எடுப்பாங்களா?"

"கேட்டுப் பார்க்கிறேன். ஏன்?"

"எடுத்தாங்கன்னா சொல்லி அனுப்புங்க. சாக்கு கட்டிக்கிட்டு வர்றேன்." பஸ் நகரும்போது ஜன்னலோரம் வந்து, என் கையைத் தட்டிச் சிரித்தாள். "எனக்கு மட்டும் சொல்லுங்க. வீடு வீடாப் போயி எல்லாருக்கும் சொல்லிப்புடாதீங்க."